நல்ல தந்தியும் ஓர் ஊதுபத்தியும்

துக்கத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் எனக்குப் புரிகிறது. சந்தோஷத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்களே, அது எதற்கு? சந்தோஷத்தில் தாங்குவதற்கு என்ன இருக்கிறது? பல்வலியைத் தாங்கலாம். பணியாரத்தை யாராவது தாங்கிக்கொள்வார்களா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாமலேயே அதைச் செய்து பார்க்கப் புறப்பட்டதால்தான், சுகமாகக் கப்பலில் வந்து இறங்கிய என் கணவருக்கு, காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவு என்னும் உள்முற்றம் நிறையப் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும்படி ஆயிற்று. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் என் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் மெய்யம்மை பிறந்த நாள் முதல் நான் பயந்துகொண்டே இருந்தேன். அவள் தும்மினால் காய்ச்சல் வருகிறதென்று பயம். தும்மாவிட்டால் மூக்கு அடைத்திருக்கிறதோ என்று பயம். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் பட்டு அவள் விழித்துக்கொண்டு கத்துவாள். பிள்ளை ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று அதற்கும் பயப்படுவேன். சிரித்து விளையாடினாலோ இன்னும் மோசம். கண் பட்டுவிடும் என்று அன்றைக்கே மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவேன். (நம் வீட்டில் குழம்புக்குப் போன மிளகாயைவிட அடுப்புக்குப் போன மிளகாய்தான் அதிகம் என்பார் என் மாமியார். நான் அயித்தை என்று எழுதுவதெல்லாம் அவரைத்தான்.)

அவர்கள், அதாவது என் கணவர், ரங்கூனில் ஒரு கடைக்கு மேலாளாகப் போயிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் அக்கரைக்குப் போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்புவார்கள். அவர்கள் கப்பல் ஏறும்போது எனக்கு ஆறு மாதம். மகளின் முகத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. அதனால் வீட்டு நடப்பை ஒன்று விடாமல் எழுதுவது என் கடமை என்று நினைத்தேன். எட்டாவது வரை படித்தவளாயிற்றே! மெய்யம்மைக்கு வயிற்றுப்போக்கு என்று எழுதுவேன். அந்தக் கடிதம் கடல் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு அது சரியாகி வேறொன்று வந்திருக்கும். ஒரு தடவை, ‘குழந்தை ஒரு பொத்தானை விழுங்கிவிட்டாள். தபாலுக்கு நேரமாகிவிட்டது. மீதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்’ என்று அனுப்பினேன். அடுத்த கடிதத்தில் எழுத மறந்துவிட்டேன்.

பதில் வந்தது. ‘பொத்தான் என்ன ஆயிற்று? மூன்று வாரமாக எனக்கு வேலை ஓடவில்லை. இந்தத் தடவை ஊருக்கு வந்து திரும்பும்போது உன்னையும் குழந்தையையும் கூட்டி வரலாம் என்று நினைத்திருந்தேன். இங்கே இப்போது இரண்டொருவர் குடும்பத்தோடு இருக்கிறார்கள். ஆனால் இப்படிப் பதறுகிறவளை அக்கரையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நீ நிதானமாக இருக்கக் கற்றுக்கொண்டால் யோசிக்கலாம்.’

அந்த ‘யோசிக்கலாம்’ என்ற சொல்லை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் ஆத்தாளுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். அதில் அப்பச்சியோடு, அதாவது என் தகப்பனாரோடு, ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் எட்டு வருஷம் தேறாது. எனக்கும் அப்படித்தான் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். அந்த நேரத்தில் ஒரு கதவு ஒரு விரற்கடை திறந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர்கள் வந்து இறங்குவதற்குள் நான் நிதானம் படைத்தவளாகிவிட வேண்டும். எப்படி ஆவது என்பதுதான் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துக் குன்றக்குடிக்கு வந்திருந்த ஒரு சாமியார் எங்கள் ஊருக்கும் வந்தார். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பத்து நாள் சாயங்காலம் பேசினார். அயித்தையும் நானும் கேட்கப் போனோம். வெயில் வந்தால் தோல் சுடுகிறது, பனி வந்தால் சிலிர்க்கிறது, இரண்டும் வந்தது போலவே போய்விடுகின்றன, சுகமும் துக்கமும் அப்படித்தான், வருகிறபோது தாங்கிக்கொள், போகிறபோது விட்டுவிடு, உள்ளே இருக்கிறவனை இரண்டும் தொடுவதில்லை என்றார். எனக்காகவே பேசுகிறார் என்று தோன்றியது. பெண்கள் பக்கத்தில் நோட்டும் பென்சிலும் கொண்டுபோனவள் நான் ஒருத்திதான். ஒன்பதாம் நாள் மட்டும் மெய்யம்மை அழுததால் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பத்தில் ஒரு நாள் போனால் என்ன என்று இருந்துவிட்டேன்.

கேட்டதை மற்றவர்கள் கேட்டதோடு விட்டுவிட்டார்கள். படித்தவள் விடுவாளா? உட்கார்ந்து விதி எழுதினேன். எந்தச் செய்தி வந்தாலும், நல்லதோ கெட்டதோ, வாயைத் திறக்கக்கூடாது. முகத்திலும் காட்டக்கூடாது. நேரே சாமி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்து, அது எரிந்து முடியும்வரை கண்ணை மூடி உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு. நாற்பத்தெட்டு நாள் இப்படி. விரதத்தை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்று கடைசியில் இன்னொரு விதியும் சேர்த்தேன். (சாமியார் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.)

முதல் வாரம் மெய்யம்மை வளவுத் தூணுக்குப் பக்கத்தில் நின்று சுண்ணாம்புச் சுவரை நக்கிக்கொண்டிருந்தாள். பழைய உமையாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். புதிய உமையாள் ஊதுபத்தி கொளுத்தப் போனாள். நிதானத்தோடு திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை அடுத்த தூணுக்கு நகர்ந்திருந்தாள்.

இரண்டாம் வாரம் அயித்தை என்னைப் புகழ்ந்தார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. “வெள்ளைப் பணியாரம் இன்னைக்கு எடுப்பா வந்திருக்கு உமையா” என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று சாமி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கையில் பணியாரத்தோடு அயித்தை அப்படியே நின்றாராம்.

அடுத்த வீட்டுத் தெய்வானை ஆச்சியிடம் இந்த வழக்குப் போனது. அந்த ஆச்சி எங்கள் தெருவில் எந்தச் சாவுக்கும் ஒப்பாரியை எடுத்துக்கொடுக்கிறவர். அவருடைய குரல் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும்.

“நல்லதைச் சொன்னாலும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறா தெய்வானை. பொசுக்குனா உள்ள போயி ஊதுபத்தியைக் கொளுத்திக்கிட்டு உக்காந்துர்றா. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

“படிச்ச பிள்ளைல்ல ஆச்சி, மண்டையில சூடு ஏறியிருக்கும். செவ்வாயும் வெள்ளியும் உச்சி குளுரக் குளுர எண்ணெய் தேச்சுக் குளிக்கச் சொல்லுங்க. தன்னால சரியாப் போகும்.”

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நான் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். எல்லாம் அந்த எண்ணெயில் ஆரம்பித்தது என்று நான் சொன்னால், என் ஊதுபத்தியில் ஆரம்பித்தது என்று தெய்வானை ஆச்சி இன்றும் சண்டைக்கு வருவார்.

அந்தச் சமயத்தில் வீட்டில் யாருக்கும் மனசு சரியாக இல்லை. ரங்கூனில் விஷக்காய்ச்சல் பரவியிருக்கிறது, புறப்படும் நாளைப் பிறகு எழுதுகிறேன் என்று அவர்கள் எழுதி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு கடிதமே இல்லை. அயித்தைக்கு ஒரே மகன். மாமா காலமாகிப் பல வருஷம். மகள் வள்ளியை நெற்குப்பை என்ற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. தபால்காரர் வரும் நேரத்துக்கு அயித்தை முகப்பில் போய் உட்கார்ந்துவிடுவார். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனதும் எழுந்து உள்ளே வந்து, இருக்கிற பாத்திரத்தையெல்லாம் இன்னொரு தடவை துலக்குவார்.

அன்றைக்கு வந்தது தபால்காரர் இல்லை. தந்திச் சேவகர். எங்கள் பக்கத்தில் தந்தி என்றாலே சாவுச் சேதி என்று நினைப்பார்கள். நல்ல செய்தி மெதுவாக வந்தால் போதும், கெட்ட செய்திக்குத்தான் அவசரம் என்பது ஊர் வழக்கம். நான் அப்போதுதான் குளித்துவிட்டுப் பின்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தலை விரிந்து கிடந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. பூவும் இல்லை.

அயித்தை முகப்பில் உட்கார்ந்தபடியே, “உமையா, வாங்கிப் படி ஆத்தா. என்னான்னு படி” என்றார். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பிரித்துப் படித்தேன். ‘சுகமாகப் பட்டணம் வந்து இறங்கினேன். வியாழன் காலை ரயிலில் காரைக்குடி.’

என் நெஞ்சுக்குள் நாதசுரமும் மேளமும் ஒன்றாகப் புறப்பட்டன. மூன்று வருஷத்தில் இதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. அதனாலேயே எனக்கு விதி ஞாபகம் வந்தது. சுவரை நக்கியதையும் பணியாரத்தையும் யார் வேண்டுமானாலும் தாங்கலாம். இதைத் தாங்கிவிட்டால் அல்லவா நிதானம்! இதில் தேறிவிட்டால் ரங்கூனுக்கு என்னைக் கூட்டிப் போகலாம் என்று நானே நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாமே! சிரிப்பு வந்துவிடாமல் இரண்டு கன்னத்தையும் உள்ளே கடித்துக்கொண்டேன். (“பிசைஞ்சு வச்ச மாவு மாதிரி இருந்துச்சு உன் மூஞ்சி” என்று, தந்திச் சேவகரைப் பார்த்து வாசலுக்கு வந்திருந்த தெய்வானை ஆச்சி பிற்பாடு சொன்னார்.) தந்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன்.

“உமையா... என்ன போட்டிருக்கு? உமையா?”

எனக்குக் கேட்டது. கேட்காமல் இல்லை. ஓர் ஊதுபத்தி நேரம்தானே, அயித்தையும் கொஞ்சம் பொறுமை பழகட்டும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. கதவைச் சாத்தினேன். ஊதுபத்தியைக் கொளுத்தினேன்.

நீங்கள் அயித்தையின் இடத்தில் இருந்து பாருங்கள். அக்கரையில் காய்ச்சல். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. தந்தி வருகிறது. படித்த மருமகள் ஒரு வார்த்தை பேசாமல், விரித்த தலையும் வெறும் நெற்றியுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கதவிடுக்கில் ஊதுபத்தி வாடை வருகிறது.

நான் உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்து, வியாழக்கிழமைக்கு எந்தப் புடவை கட்டுவது என்று தியானம் செய்துகொண்டிருந்தேன். பத்தி கால்பங்கு எரிந்திருக்கும். வெளியே ஓர் அலறல் கேட்டது. அப்புறம் தெய்வானை ஆச்சியின் குரல். அப்புறம் பல குரல்கள். எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் வந்தது. மெய்யம்மையை எங்கே விட்டேன்? குளிக்கும்போது கிணற்றடியில் இருந்தாள். வரும்போது கூட்டி வந்தேனா?

இதுவும் சோதனை, தாங்கிக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நேரம் தாங்கினேன் தெரியுமா? பத்தியின் நுனியிலிருந்து ஒரு நெல்லளவு சாம்பல் விழுகிற நேரம். பிறகு கதவை உடைக்காத குறையாகத் திறந்துகொண்டு, “ஐயோ, எம்பிள்ளை! எம்பிள்ளை போச்சே!” என்று வெளியே விழுந்தேன்.

வளவில் இருபது பெண்கள் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் யாருக்காவது கொஞ்சம் சந்தேகம் இருந்திருந்தால் அதுவும் போய்விட்டது.

“அழு ஆத்தா, வாய்விட்டு அழுதுரு” என்று தெய்வானை ஆச்சி என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “உள்ளயே வச்சுப் பூட்டாதே.”

“எங்குட்டுக் கிடக்கு? நான் பாக்கணும், என்னை விடுங்க!”

“இனிமே எங்க போயிப் பாக்குறது ஆத்தா, எங்க போயிப் பாக்குறது!”

அயித்தை தரையில் கிடந்தார். “லெச்சுமணா, கப்பலேறிப் போனியே, கரையேறி வல்லையே” என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். (அவர்கள் பெயரை நான் எழுதக்கூடாது. இது அயித்தை சொன்னது.) அந்த வார்த்தை என் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. நான் போய் அயித்தையைக் கட்டிக்கொண்டேன். அயித்தை என்னைக் கட்டிக்கொண்டார். உயிரோடு இருந்த இரண்டு பேருக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் நனைத்து அழுதோம். எங்களைப் பார்த்து மற்றவர்கள் அழுதார்கள்.

அப்போது இரண்டாங்கட்டில் வெல்லப்பானை இருக்கும் உக்கிராண அறையிலிருந்து மெய்யம்மை வந்தாள். முழங்கைவரை வெல்லம். கூட்டத்தைப் பார்த்து நின்று, விரலைச் சப்பிவிட்டு, “ஆத்தா, ஏன் அழுவுற?” என்றாள்.

நான் சிரித்தேன். சாதாரணச் சிரிப்பில்லை. அவளைத் தூக்கிச் சுற்றி, வெல்லத்தோடு சேர்த்து முத்தமிட்டு, ஓ என்று சிரித்தேன். ஒப்பாரி சட்டென்று நின்றது. புருஷன் செத்த சேதி வந்த வீட்டில் பெண்டாட்டி கூத்தாடினால் யார்தான் பாடுவார்கள்?

“புத்தி பேதலிச்சிருச்சுடி” என்றாள் ஒருத்தி.

“நான் அன்னைக்கே சொல்லல, மண்டைச் சூடுன்னு? குடத்துல தண்ணி கொண்டாங்கடி!”

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. “இல்லை அயித்தை, அவுக வாராக! வியாழக்கிழமை வாராக! ரயில்ல வாராக!” என்று கத்தினேன்.

“வியாழக்கிழமை வாராகளாம்ல” என்று தெய்வானை ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புதிதாக அழ ஆரம்பித்தார். “பாவி மக, கனாவுல பேசுறாளே!”

இடுப்பிலிருந்து தந்தியை எடுத்து நீட்டினேன். அது கைமாறிக் கைமாறிப் போனது. வாங்கிய ஒவ்வொருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு தடவை அழுது, பக்கத்தில் கொடுத்தார்கள். ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படிக்கத்தான் ஆள் இல்லை. என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டதால் நான் படித்துச் சொன்னதும் செல்லவில்லை.

எங்களைக் காப்பாற்றியவர் தந்திச் சேவகர். தெருமுனையில் மோர் குடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். “ஆச்சி, கையெழுத்து வாங்க மறந்துட்டேன்” என்று தலையை நீட்டியவர், கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். “என்ன ஆச்சி இது? நல்ல சேதி, போயி வெகுமதி வாங்கிக்கன்னுல்ல போஸ்டு மாஸ்டர் சொன்னாக?”

பெண்கள் ஒவ்வொருவராகத் தலையை முடிந்துகொண்டு எழுந்தார்கள். தெய்வானை ஆச்சிக்குத்தான் மிகவும் வருத்தம். “நல்லா இருக்கட்டும், நூறு வருசம் இருக்கட்டும்” என்று வாழ்த்திவிட்டு, “இப்படி ஒரு நாளும் எனக்குப் பாட்டு வந்ததில்லை” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அயித்தை சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தந்தியை என் கையில் கொடுத்து, “படி” என்றார். படித்தேன். “இன்னொரு தடவை படி.” நாலு தடவை படித்தேன். பிறகு, “இதுல எம்மவன் பேரு எங்குட்டு இருக்கு?” என்று கேட்டார். காட்டினேன். முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து, “அருவாமனை மாதிரி இருக்கு. இதுவா எம்மவன்?” என்றார். அந்த எழுத்தைவிட்டு விரலை எடுக்கவே இல்லை. எட்டாவது வரை படித்தவள் என்ற கர்வம் என்னிடம் இருந்தது என்றால், அது அந்த விரலைப் பார்த்தபோது போனது.

விரதத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

“அந்தச் சாமி உன்னை மூஞ்சியை மூடிக்கன்னா சொன்னாக? மறைக்கிறது தாங்குறது ஆகாது, வீட்டுல இருக்கவுகளைக் கலங்க விட்டுட்டு நீ மட்டும் கலங்காம இருந்தா அது கல்லுக்குச் சமானம்னு விலாவாரியாச் சொன்னாகளே!”

“எப்பச் சொன்னாக அயித்தை?”

“ஒம்பதாம் நாளு. நீதான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டியே.”

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம். நாங்கள் அழுதுகொண்டிருந்தபோதே யாரோ புண்ணியவான் நெற்குப்பைக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பிவிட்டார். சாயங்காலம் வள்ளி வில்வண்டியில் வந்து தெருமுனையிலிருந்தே அலறிக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே நாங்கள் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தோம். விஷயம் தெரிந்ததும் தன் புருஷனோடு போடும் சண்டையில்கூடப் பேசாத வார்த்தையெல்லாம் என்னைப் பேசிவிட்டு, அதிரசம் சுட உட்கார்ந்தாள்.

மறுநாள் பங்காளி வீட்டுப் பெரியவர் வந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். “வளவுக்குள்ள அழுகுரல் எழுந்துருச்சு. இனிமே பய நேரா தலைவாசல்ல ஏறி வரக்கூடாது. பின்கட்டு வழியா வரட்டும். கிணத்தடியில தலைக்குத் தண்ணியை ஊத்தி, புதுசாப் பிறந்தவன்னு உள்ள விடுவோம்.” எதிர்த்துப் பேச எனக்கு என்ன வாய் இருந்தது?

வியாழக்கிழமை வந்தது. ஸ்டேஷனுக்குப் போன ஆண்கள், இதைப் பெண்கள் சொல்லிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். பெண்கள், ஆண்கள் வழியிலேயே சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டோம். மூன்று வருஷம் கழித்துக் கோட்டும் சரிகை அங்கவஸ்திரமுமாக வண்டியிலிருந்து இறங்கிய மனிதர், சாத்திக் கிடந்த தன் வீட்டுத் தலைவாசலைப் பார்த்தார். “பின்னாடி வாப்பா, பின்னாடி வா” என்று கையைப் பிடித்து மாட்டுக்கொட்டடி வழியாகக் கூட்டி வந்தார்கள். ஏன் என்று கேட்பதற்குள் மூன்று குடம் தண்ணீர் தலையில் இறங்கியது. கோட்டைக் கழற்றக்கூட விடவில்லை. மெய்யம்மை முதன்முதலாகத் தன் அப்பச்சியைப் பார்த்து, “கள்ளன்! கள்ளன்!” என்று அலறி என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

நான் ஆலத்தித் தட்டோடு படியில் நின்றேன். அவர்கள் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் வெளிறிப்போயிருந்தது. வாசல் அடைத்திருக்கிறது, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்?

“உமையா, மறைக்காமச் சொல்லு. யாரு செத்தது?”

“நீங்கதான்.”

“நானா? எப்ப?”

“செவ்வாக்கிழமை காலையில.”

“யாரு சொன்னா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. அதுதான் வினையாப் போச்சு.”

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். தெய்வானை ஆச்சியைப் பார்த்தார்கள். பிறகு துவைகல்லின் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. அயித்தை மட்டும் சிரிக்காமல் படி இறங்கிப் போய், ஈரத் தலையையும் தோளையும் விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். “வந்துட்டியா” என்றார். அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு நானே போய், ரங்கூன் பேச்சை விட்டுவிடலாம் என்று சொன்னேன். அதற்கு அவர்கள், “உன்னை நிதானமா இருக்கச் சொன்னது நாந்தான். இனிமே சேதியைச் சொல்லிட்டு நிதானமா இரு” என்றார்கள்.

அன்று முதல் வள்ளியின் பிள்ளைகளுக்கு அவர்கள் ‘செத்துப் பொழைச்ச மாமா’. கல்யாண வீடுகளில் புதிதாகச் சம்பந்தம் பண்ணியவர்களுக்குக்கூட உறவினர் அவர்களை அப்படித்தான் அறிமுகம் செய்கிறார்கள். உறவில் யாருக்காவது பிள்ளை பிறந்தால், செய்தி கொண்டு வருகிறவர் முதலில் என்னை ஒரு பார்வை பார்த்து, “உமையாளுக்குத் தெரியுமா, இல்லை ஊதுபத்தி எரியுதா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆணா பெண்ணா என்று சொல்கிறார். பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், சாமியார் சொன்ன தாங்குதலில் எனக்குக் கொஞ்சமாவது வந்திருப்பது இந்தக் கேலியைத் தாங்குவதில்தான். பிள்ளை தும்மினால் இப்போது ஒரு தடவைதான் பயப்படுகிறேன்.

அயித்தை வேறொரு காரியம் செய்தார். அவர்கள் வந்த மறுவாரமே சிலேட்டும் பலப்பமும் கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்தார். “இனிமே எந்த மூஞ்சியையும் பாத்து நான் சேதி தெரிஞ்சுக்க மாட்டேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் குடு.” ஐம்பத்து மூன்று வயது. ரங்கூன் பிஸ்கோத்து டப்பாவில் இருக்கிற எழுத்தெல்லாம் இப்போது அவருக்குப் பாடம். பெரிய எழுத்து மட்டும்தான் வரும். சின்ன எழுத்து வேண்டாம், எம்மவனைப் பெரிய எழுத்துலயே அடிக்கச் சொல்லு என்று சொல்லிவிட்டார்.

இந்தப் பங்குனியில் அவர்கள் திரும்ப ரங்கூன் போகிறார்கள். எனக்கும் மெய்யம்மைக்கும் சேர்த்துக் கப்பலுக்குச் சொல்லியாகிவிட்டது. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அயித்தையையும் கூப்பிட்டோம். மாமா வாழ்ந்த வீட்டில் விளக்கு ஏற்ற ஆள் வேண்டும், வரமாட்டேன் என்றார். “நீங்க போயிட்டு வாங்க” என்று சொன்னபோது குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

போன வாரம் தந்தியில் வருகிற வார்த்தைகளாகப் பார்த்துச் சிலேட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். வந்து சேர்ந்தோம், சுகம், புறப்படுகிறோம், பிள்ளை பிறந்தது என்று வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்தார். அப்புறம் சொன்னார்:

“செத்துப்போனா எப்படி எழுதுவாக? அதையும் எழுது.”

“அது எதுக்கு அயித்தை?”

“நல்லதை மட்டும் படிக்கக் கத்துக்கிட்டு, மத்தது வந்தா யாருகிட்டக் கொண்டுபோயிக் காட்டுறது? எழுது ஆத்தா.”

எழுதினேன். மற்ற வார்த்தைகளைப் படித்த அதே குரலில் அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு தரம் எழுதிப் பார்த்தார். பிறகு சிலேட்டைத் துடைத்துவிட்டு, மெய்யம்மைக்குச் சோறு ஊட்ட எழுந்து போனார்.

அன்றிலிருந்து எனக்குப் பெட்டி அடுக்க ஓடவில்லை. இப்படி ஒரு மனுஷியைத் தனியே விட்டுப் போவது சரியா? போகாவிட்டால், தன்னால்தான் நான் போகவில்லை என்று அவர் வருந்துவாரோ? ஒரு நாள் போகலாம் என்று தோன்றுகிறது, மறுநாள் வேண்டாம் என்று தோன்றுகிறது. இந்தப் பத்திரிகையில் இதைப் படிக்கும் சகோதரிகளில், மாமியாரையோ தாயாரையோ ஊரில் விட்டுவிட்டுக் கணவரோடு அக்கரைக்குப் போனவர்கள் இருப்பீர்கள். நீங்கள் போன பிறகு வீட்டில் தனியாக இருந்தவர் முதல் ஒரு மாதம் எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று விசாரித்து, பங்குனி பிறப்பதற்குள் எனக்கு எழுதுங்கள். என்னைத் தேற்றுவதற்காக எதையும் மாற்றி எழுத வேண்டாம்.